வெளிச்சத்துக்குக் கொண்டுபோன குடுவை

சனிக்கிழமை காலை. பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி நடைவழியில், சன்னல் ஓரமாக, கையில் ஒரு கண்ணாடிக் குடுவையோடு நின்றுகொண்டிருந்தேன். முழங்கால் வரை வெள்ளைக் கோட்டு. முக்காட்டுக்கு மேலே பாதுகாப்புக் கண்ணாடியின் ரப்பர் பட்டை. குடுவையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருந்த திரவத்தில் பிங்க் நிறம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தேன்.

இல்லை. உள்ளே இருந்தபோது பிங்க். வெளியே வந்தால் நிறமே இல்லாத வெறும் தண்ணீர்.

"ஷமீமா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினேன். ஆய்வகப் பொறுப்பாசிரியை டாக்டர் லிம். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எனக்கு அவரிடம் பயம்.

"என்ன செய்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அது என் குற்றம்.

"கலர் பார்க்கிறேன், டாக்டர்."

"உள்ளே விளக்கு இல்லையா?"

"இருக்கிறது. ஆனால் டியூப்லைட்."

என்னைப் பொறுத்தவரை அது முழுப் பதில். தேக்காவில் எங்கள் துணிக்கடை இருக்கும் மாடியில் யாரிடம் சொல்லியிருந்தாலும் "அதானே" என்று தலையாட்டியிருப்பார்கள். டாக்டர் லிம் தலையாட்டவில்லை. ஆய்வகத்திலிருந்து ஒரு சொட்டு ரசாயனம்கூட வெளியே போகக்கூடாது என்பது முதல் விதி, அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அன்றைய பயிற்சிக்கு எனக்குப் பூஜ்யம். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, குடுவையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

போன வாரம் இந்தப் பத்தியில், என் நானா ஒரு பெண்ணின் ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவைத்த கதையை எழுதியிருந்தேன். நானா என்றால் என் அண்ணன் சாகுல். படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "என் மானத்தை விக்கிறியா?" என்றார் மூன்றாம் நாள். அதனால் இந்த வாரம் என் மானம்.

சாயம் போகுமா?

தேக்கா சென்டரில் கீழே மீனும் ஆட்டுக்கறியும் தோசையும். மேலே துணியும் தையலும். மேலேதான் எங்கள் கடை. வாப்பா போட்டது, இப்போது நானாவும் நானும் பார்க்கிறோம். சேலையைக் கொண்டுவந்தால் அதற்கு ஏற்ற ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்தும் கொடுப்போம்.

கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்கும் கேள்வி, "சாயம் போகுமா?" நான் இருபது வருடமாகச் சொன்ன பதில், "போகாதுக்கா, தைரியமா எடுத்துக்குங்க." எதை வைத்துச் சொன்னேன்? ஒன்றையும் வைத்து இல்லை. வாய் தன்னால் சொல்லும்.

ஒருநாள் அம்மாவோடு வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டாள். திமிராகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நானா குறுக்கே வந்து, "நல்ல கம்பெனி சரக்கும்மா" என்றார். "அது ஆன்சர் இல்லையே அங்கிள்" என்றாள் அவள். அவளுடைய அம்மா அவள் தொடையில் கிள்ளினார்.

அன்றைக்கு உட்லண்ட்ஸில் வீடு போய்ச் சேரும் வரை ரயிலில் அந்தக் கேள்வி என்னைப் பிடுங்கித் தின்றது. ஒரு துணியில் சாயம் ஏன் ஒட்டுகிறது, இன்னொன்றில் ஏன் கழன்று வருகிறது? வாழ்நாளெல்லாம் துணிக்குள்ளேயே கிடக்கிறேன், இது தெரியாதா எனக்கு? போனில் தேடிக்கொண்டே போனேன். வேலை பார்ப்பவர்களுக்கான பகுதிநேர அறிவியல் பட்டப்படிப்பு ஒன்று கண்ணில் பட்டது. முதல் பாடம், பொது வேதியியல். நாற்பதைத் தொட இரண்டு வருடம் இருந்தது எனக்கு.

"இந்த வயசுல காலேஜா?" என்றார் நானா. "படிச்சு முடிச்சாலும் கழுத்துல அளவு நாடாதான் தொங்கப் போவுது, புள்ள."

சொன்னாரே தவிர, கடையில் கூட்டம் அலைமோதும் சனிக்கிழமைகளில் என்னை வகுப்புக்கு அனுப்பிவிட்டுத் தனியாளாகச் சமாளித்தது அவர்தான். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மறுபடி பேச்சு நின்றுவிடும்.

ஒரு குரோஸ் பட்டன்

முதல் பருவத்தில் நான் தோற்றேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எழுத்துத் தேர்வில் மண்ணைக் கவ்வினேன். காரணம் மோல்.

வேதியியலைத் தொடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அணுக்களை ஒன்று ஒன்றாக எண்ண முடியாது. அதனால் ஒரு பிரம்மாண்டமான எண்ணிக்கையை எடுத்து, அதை ஒரு மோல் என்கிறார்கள். ஆறு போட்டு, அதற்குப் பின்னால் இன்னும் இருபத்து மூன்று இலக்கம். ஒரு மோல் கரி பன்னிரண்டு கிராம், ஒரு மோல் உப்பு ஐம்பத்தெட்டரை கிராம். எண்ணிக்கை ஒன்று, எடை ஏன் வேறு? விரிவுரையாளர் நாலு விதமாகச் சொன்னார். நாலும் இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போய்விட்டன.

தோற்ற முடிவு வந்த மறுநாள் கடைக்குப் பட்டன் வந்திறங்கியது. நாங்கள் பட்டனைக் குரோஸ் கணக்கில்தான் வாங்குவோம். ஒரு குரோஸ் என்றால் பன்னிரண்டு டசன். ஒரு கையில் சட்டைப் பட்டன் பெட்டி, இன்னொரு கையில் கோட்டுப் பட்டன் பெட்டி. இரண்டும் ஒரு குரோஸ். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன, தனியா சிரிக்கிற?" என்றார் நானா.

"நானா, இதான் மோல்."

"பட்டன் புள்ள அது."

எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஒரு பருவம் முழுக்கக் கட்டணம் கட்டி உட்கார்ந்தும் ஏறாதது, அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியது. இரண்டாம் முறை அதே பாடத்துக்குப் பதிந்தபோது எழுத்துத் தேர்வைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

ஆனால் பல்கலைக்கழகம் சும்மா விடுமா? ஒரு பாடத்தில் இரண்டு முறை தோற்றால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். அதோடு, ஆய்வகப் பகுதியில் தனியாகத் தேற வேண்டும். அதில் கவிழ்ந்தால் எழுத்தில் நூறு வாங்கினாலும் கவிழ்ந்ததுதான். சன்னலோரம் நின்ற அந்தப் பூஜ்யத்துக்குப் பிறகு ஆய்வகத்தில் எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு செய்முறைத் தேர்வு. அதில் தேறினால் உண்டு, இல்லையென்றால் அளவு நாடாதான்.

நடக்க நடக்கப் போன கலர்

நான் பூஜ்யம் வாங்கிய அந்தப் பயிற்சிக்குப் பெயர் டைட்ரேஷன். குடுவையில் அமிலம் இருக்கும். மேலே பியூரெட் என்று குழாய் வைத்த நீளமான கண்ணாடித் தண்டில் காரம் இருக்கும். அமிலத்தில் நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அமிலம் தீர்ந்து காரம் ஒரு பொட்டு மிஞ்சுகிற நொடியில் லேசான பிங்க் வரும். உடனே குழாயை மூடி எவ்வளவு இறங்கியது என்று குறிக்க வேண்டும். திரும்பச் செய்தாலும் அதே அளவு வர வேண்டும், பத்தில் ஒரு மில்லிலிட்டர்தான் முன்னே பின்னே போகலாம்.

எனக்கு மூன்று முறையும் மூன்று அளவு வந்தது. நிறத்தில் போய் நான் கோட்டைவிடுவதா? வெங்காயக் கலருக்கும் தாமரைக் கலருக்கும் நடுவில் நான்கு கலர் பிரித்துச் சொல்கிற ஆள் நான். வாடாமல்லியில் மட்டும் ஏழு வகை அடுக்கி வைத்திருக்கிறேன்.

பூஜ்யம் வாங்கிய அன்று கேண்டீனில் என் பெஞ்சுக் கூட்டாளி தர்ஷினி எனக்கு ஒரு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் டீ, வாங்கி வைத்தாள். இருபத்து நான்கு வயது. சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில், ஆபத்தான பொருள் ஏற்றும் பெட்டிகளில் லேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அதனாலோ என்னவோ எதையும் நேராகப் பார்த்து நேராகச் சொல்லிவிடுவாள்.

"அக்கா, ஒவ்வொரு தடவையும் பிளாஸ்க்கத் தூக்கிட்டு வெளிய போனீங்களா?"

"டாக்டர் கண்ணுல பட்டதுதான் மூணாவது."

"அதான் லா. காத்துல கார்பன் டைஆக்சைடு இருக்குல்ல, அது உள்ள போய்க் கரையும். அது லேசான ஆசிட். நீங்க கலக்கிக்கிட்டே நடக்க நடக்க பிங்க் போயிடும். திரும்பி வந்து இன்னும் ரெண்டு சொட்டு விடுவீங்க. மறுபடி நடப்பீங்க."

"அப்ப, நான் கலர் பாக்கப் போன வழியிலேயே கலர் போயிடுச்சா?"

"ஆமாக்கா. முப்பது செகண்ட் நின்னா போதும். அதுக்கப்புறம் மங்கினா பரவால்ல."

நான் சிரிக்க ஆரம்பித்து, தே தாரிக் மூக்கில் ஏறிவிட்டது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால்தான் உண்மை தெரியும் என்று எங்கள் கடையில் ஒரு தலைமுறையே நம்பிக்கொண்டிருக்கிறோம். இங்கே கொண்டுபோனதுதான் உண்மையைக் கெடுத்திருக்கிறது.

தர்ஷினி சிரிக்கவில்லை. "இன்னொண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது. நீங்க ஒவ்வொரு தடவையும் என் மூஞ்சியப் பாக்குறீங்க. நான் தலையாட்டினாதான் குழாய மூடுறீங்க. டெஸ்ட் அன்னிக்கு என்னை வேற பெஞ்சுல போட்டுடுவாங்கக்கா."

கோபம் வந்தது எனக்கு. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் வராது?

மாம்பழ மஞ்சள்

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. எனக்குப் பதினேழு வயது. பள்ளி விடுமுறையில் கடையில் நிற்பேன். ஒரு அம்மா மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுச்சேலை கொண்டுவந்தார், மகள் கல்யாணத்துக்குக் கட்ட. வாப்பா தொழுகைக்குப் போயிருந்தார். நான் பெரிய மனுஷியாகத் துணிக்கட்டுகளை இறக்கி, டியூப்லைட்டுக்குக் கீழே சேலையோடு வைத்துப் பார்த்து, "இதான் ஆன்ட்டி, அச்சு அசல்" என்று சொல்லிவிட்டேன். நம்பி எடுத்துக்கொண்டு போனார்.

கல்யாணம் முடிந்து வந்தார். சேலையையும் ரவிக்கையையும் கடை வாசலில், பகல் வெளிச்சத்தில், போகிறவர் வருகிறவர் பார்க்க விரித்துப் போட்டார். சேலை மாம்பழம். ரவிக்கை எலுமிச்சை. "போட்டோ பூரா இப்படித்தான் இருக்கு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து எங்கள் கடையில் இரண்டு வழக்கம் வந்தது. ஒன்று, எந்தத் துணியானாலும் படிக்கட்டுப் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டும். இரண்டு, "இதுதான்" என்று நாங்கள் சொல்லக்கூடாது. "உங்களுக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டு, வாங்குகிறவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். அப்புறம் யாரும் வாசலில் விரிக்க முடியாது பாருங்கள்.

முதல் வழக்கம் வியாபாரம். இரண்டாவது பயம். இருபது வருடம் சேர்ந்தே வந்ததில் எது எது என்று எனக்கே தெரியாமல் போயிருந்தது. தர்ஷினி சொன்ன பிறகுதான் தெரிந்தது, வெட்கமாக இருந்தது.

போதும்

தேர்வு நாள். தர்ஷினி சொன்னது போலவே அவள் கடைசி பெஞ்ச், நான் முதல் பெஞ்ச். டாக்டர் லிம் கதவை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அங்கே நாற்காலி கிடையாது. எனக்காகத்தான் என்று இன்றுவரை நம்புகிறேன்.

பயிற்சி போலவே அமிலம், காரம், பியூரெட். இறக்கிப் பார்க்க நான்கு முறைக்குத்தான் அமிலம் தந்திருந்தார்கள். ஒத்துப்போகிற இரண்டு அளவு காட்ட வேண்டும்.

முதல் முறை குத்துமதிப்பாக, எவ்வளவு வாக்கில் நிறம் வரும் என்று பார்க்க. அது ஆயிற்று. இரண்டாம் முறை சொட்டுச் சொட்டாக இறக்கினேன். இருபத்து மூன்றைத் தாண்டியதும் குடுவைக்குள் ஒரு சாயல் தெரிந்தது. பிங்க்கா, என் கண்ணின் ஆசையா? கால் தன்னால் கதவுப் பக்கம் திரும்பியது. நாற்காலியில் டாக்டர் லிம். பின்னால் திரும்பினேன். தர்ஷினி தன் குடுவைக்குள் தலையைக் கவிழ்த்திருந்தாள். சரி, இன்னும் ஒரு சொட்டு. இன்னும் ஒன்று. திடீரென்று குடுவை முழுக்க ரோஸ் சிரப். அந்த முறை பாழ்.

மிச்சம் இரண்டே முறை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அந்த நேரத்தில் எனக்குப் பரீட்சை ஞாபகமே இல்லை, கடை வாசலில் விரித்த அந்த எலுமிச்சை ரவிக்கைதான் கண்ணுக்குள் நின்றது. ஷமீமா, நீ கலர் பார்த்துத்தானே சோறு தின்கிறாய், கொஞ்சம் யோசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

யோசித்தேன். மழை பிடித்து வெளியே இருட்டிக்கொண்டு வரும் நாளில் கடையில் என்ன செய்வோம்? படிக்கட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரயோசனமில்லை. வெள்ளைத் துணி ஒன்றை மேசையில் விரித்து, வெளிறிய துணியை அதன்மேல் வைத்து, பக்கத்திலேயே இன்னொரு வெள்ளையை வைப்போம். வெள்ளைக்கு அருகில் வைத்தால் எவ்வளவு இளநிறமானாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வித்தாளுக்குப் பின்னால் வெற்றுத்தாள் ஒன்று இருந்தது. மேசையில் விரித்தேன். இன்னொரு குடுவையில் வெறும் தண்ணீரை ஊற்றி இடப்பக்கம் வைத்தேன். வலப்பக்கம், பியூரெட்டுக்குக் கீழே என் அமிலம். டாக்டர் லிம் எழுந்து வந்து, தாளையும் தண்ணீர்க் குடுவையையும் பார்த்தார். இதற்கும் பூஜ்யமா என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

இறக்கினேன். இருபத்து மூன்று. ஒரு சொட்டு, ஒரு கலக்கு. இரண்டு குடுவையும் ஒன்று போலவே. இன்னொரு சொட்டு. ஒன்று போலவே. இன்னொன்று. இப்போது இடது குடுவை தண்ணீர், வலது குடுவை தண்ணீர் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் கடையில் அந்த நிறத்துக்குப் பெயரே கிடையாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முப்பது வரை எண்ணினேன். இருந்தது.

யாரையும் பார்க்கவில்லை. குழாயை மூடினேன். "போதும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்துப் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இருபத்து மூன்று புள்ளி நான்கு. கடைசி முறையும் அதே போல், அதே தாள், அதே தண்ணீர். இருபத்து மூன்று புள்ளி நான்கு ஐந்து. எழுதி, அடிக்கோடு போட்டு, பேனாவை மூடும்போது மூடி எங்கே என்று தெரியவில்லை. வாயில் கடித்துக்கொண்டிருந்தேன்.

படிக்கட்டுப் பக்கம்

ஆய்வக முடிவு இரண்டு வாரம் கழித்து வரும் என்றார்கள். இரண்டு வாரமும் நானா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார்.

ஒரு வேலைநாள் மத்தியானம். ஒரு பெண்மணி மயில்கழுத்து நிறத்தில் ஒரு பருத்திச் சேலை கொண்டுவந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். நான்கைந்து துணியை அள்ளிக்கொண்டு அவரைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனேன். அந்த வழக்கத்தை நான் விடவில்லை, துணி காற்றில் நடந்தால் மங்காது. நானா கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சேலை மேல் மூன்றாவது துணியை வைத்தபோது பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து. ஆய்வகப் பகுதி, தேர்ச்சி. இரண்டு முறை படித்தேன். தேர்ச்சி என்றுதான் இருந்தது. எழுத்துத் தேர்வு பாக்கி, அதைப் பட்டன் பெட்டி பார்த்துக்கொள்ளும். ஓடிப்போய் நானாவிடம் காட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் எதிரில் ஆள் நிற்கிறார்.

"இது ஒத்துப்போகுதாம்மா?" என்றார் அவர். "எனக்கு ஒண்ணும் புரியல, நீங்களே சொல்லுங்க."

"இதான்க்கா" என்றேன். "எடுத்துக்குங்க."

"சாயம் போகுமா?"

"போகும். இது அடர்த்தியான கலர், பருத்தி. முதல் ரெண்டு தண்ணில கொஞ்சம் கழண்டு வரும். தனியா அலசுங்க, வெந்நீர் வேண்டாம். அப்புறம் நின்னுடும்."

அவர் துணியை ஒரு முறை தடவிப் பார்த்தார். "சரி, ஒரு மீட்டர் வெட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

துணியை நானா முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் கத்தரியைத் தொடவில்லை.

"இதான்னு சொன்னியே, யாரக் கேட்டுச் சொன்ன?" என்றார் அடிக்குரலில்.

"யாரையும் கேக்கல, நானா."

என்னையே பார்த்தார். பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"பாஸாயிட்டியா, புள்ள?" என்றார்.